‘இதுவரை எங்கும் வெளிவராதது’: கதைப் போட்டிகளின் ஒரு வரி நிபந்தனை

சிறுகதைப் போட்டி அறிவிப்பு கண்ணில் பட்டதும் நாம் முதலில் பார்ப்பது பரிசுத் தொகையை. அடுத்தது கடைசித் தேதி, அப்புறம் நடுவர்கள் யார் என்பது. நிபந்தனைகளில் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ ஒரு வரி இருக்கும்: ‘படைப்பு சொந்தக் கற்பனையாக இருக்க வேண்டும், தழுவலோ மொழிபெயர்ப்போ கூடாது, இதுவரை அச்சிலோ இணையத்திலோ வெளிவந்திருக்கக் கூடாது, வேறெந்த இதழின், போட்டியின் பரிசீலனையிலும் இருக்கக் கூடாது.’ வருஷக்கணக்காக எல்லா அறிவிப்பிலும் இதே வாசகம் வருவதால் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. முதன்முறை கதை அனுப்புகிறவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். போட்டி நடத்துகிறவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் இடையிலான மொத்தக் கொடுக்கல் வாங்கலும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

ஒரு கதை முதன்முதலாக வெளியாவது ஒரே ஒரு தடவைதான். அதற்குப் பிறகு எத்தனை தொகுப்பில் வந்தாலும் அது மறுபிரசுரம். அந்த முதல் வெளியீட்டை யாருக்குக் கொடுக்கிறோம், பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்று யோசித்து முடிவெடுக்கிற உரிமை எழுதியவருக்கு இருக்கிறது. பலர் அதைத் தெரியாமலே கைநழுவ விடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

தமிழில் இந்த நிபந்தனை பத்திரிகைகளிடமிருந்து வந்தது. வார இதழும் மாத இதழும் போட்டி நடத்துவது புதுக் கதைகள் வேண்டும் என்பதற்காக. பரிசுக் கதையைத் தன் பக்கங்களில் முதன்முதலாக அச்சிடும் பெருமையும், அதைப் படிப்பதற்காகவே இதழை வாங்குகிற வாசகரும்தான் அவர்களுக்குக் கிடைக்கும் பலன். வேறு இதழில் வந்த கதையை மறுபடி அச்சிட்டால் அந்தப் பலன் இல்லை. ஆகவே ‘வெளிவராதது’ என்பது முதலில் ஒரு தொழில் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் அதனால் இலக்கியத்துக்கும் ஒரு நன்மை விளைந்தது. முன்பே வந்த பெயரோ புத்தகமோ இல்லாதவருக்கும் அந்தப் போட்டியில் இடம் இருந்தது. அவரிடம் ஒரு கையெழுத்துப் பிரதி இருந்தால் போதும்.

வத்தலக்குண்டிலிருந்து வந்த பி.எஸ். ராமையா, 1930-களின் தொடக்கத்தில் ஆனந்த விகடன் நடத்திய சிறுகதைப் போட்டிக்கு அனுப்பிய கதையோடுதான் எழுத்துலகில் நுழைந்தார். அதிகம் போனால் இரண்டு, மூன்று ஆண்டுகளில் அவரே மணிக்கொடியைச் சிறுகதைக்கான இதழாக ஏற்று நடத்திக்கொண்டிருந்தார். 1940-களில் கலைமகள் நடத்திய நாவல் போட்டியில் பரிசு பெற்று அகிலன் பெயர் பெற்றார். அவர் மறைந்த பின் அவர் பெயரிலேயே ஒரு நாவல் போட்டி நடந்தது. 1990-ல் அந்த அகிலன் நினைவுப் பரிசைப் பெற்ற பிரதி ஜெயமோகனின் முதல் நாவலான ‘ரப்பர்’. போட்டி வழியாக உள்ளே வந்த ஒருவரின் பெயரால் நடந்த போட்டி, அடுத்த தலைமுறையில் இன்னொருவருக்குக் கதவைத் திறந்திருக்கிறது. கல்கி வெள்ளிவிழா நாவல் போட்டியில் முதல் பரிசு பெற்ற உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ பின்னால் மகேந்திரன் கையில் படமாகி, இன்று அந்தப் போட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கும் தெரிந்த பெயராகிவிட்டது. இவை எல்லாமே ஆசிரியர் குழுவைத் தவிர யாரும் படித்திராத தாள்களாகத்தான் தபாலில் போயின.

இதற்கு நேர் எதிரான வகையும் நம்மிடம் உண்டு. 1970-ல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, இதழ்களில் வெளிவந்த கதைகளிலிருந்து மாதம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பன்னிரண்டிலிருந்து ஆண்டின் சிறந்த கதையைச் சொல்லும். சாகித்ய அகாடமி விருது அச்சான நூலுக்குத்தான். இந்த வகைப் பரிசுகள் ஏற்கெனவே ஒரு ஆசிரியரின் கண்ணைத் தாண்டி வந்த எழுத்தை எடைபோடுகின்றன. வெளிவராத படைப்புக்கான போட்டியில் அந்த முதல் சல்லடை இல்லை. அதனால் குவியல் பெரிதாக இருக்கும், தரம் மேலும் கீழுமாக இருக்கும், படிப்பவருக்கு வேலை அதிகம். அதை விரும்பி ஏற்றுக்கொள்கிறவர்கள்தான் இந்தப் போட்டிகளை நடத்துகிறார்கள், அதற்காகவே அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

‘வெளிவந்தது’ என்றால் என்ன என்பதில் முன்பு குழப்பம் கிடையாது. அச்சில் வந்திருந்தால் வந்தது, இல்லையென்றால் இல்லை. நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஐச் சேர்ந்தது. அதன் 3-வது பிரிவு, படைப்பின் பிரதிகளை வழங்குவதன் மூலமோ பொதுமக்களுக்குத் தெரிவிப்பதன் மூலமோ அதை மக்களுக்குக் கிடைக்கச் செய்வதுதான் வெளியீடு என்கிறது. ‘பொதுமக்களுக்குத் தெரிவிப்பது’ என்ற அந்தப் பகுதிக்குள் இன்றைய இணையம் முழுக்க வந்துவிடும். காசு வாங்கினோமா, எத்தனை பேர் படித்தார்கள், அச்சானதா என்பதெல்லாம் அங்கே பொருட்டில்லை.

இதைப் போட்டிக்குப் பொருத்திப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவு. சொந்த வலைப்பூவில் போட்ட கதை வெளிவந்த கதைதான். ஃபேஸ்புக்கில் எவரும் பார்க்கும்படி போட்டதும் அப்படியே. பிரதிலிபி போன்ற தளத்தில் ஏற்றிய கதை, அதற்கு நாலே வாசகர் இருந்தாலும் வெளிவந்ததுதான். ஊர் நூலகத்தில் மாதக் கூட்டத்தில் பத்துப் பதினைந்து நண்பர்கள் முன் வாசித்துக் காட்டியதைப் பெரும்பாலான போட்டிகள் வெளியீடாகக் கொள்வதில்லை. அதை ஒருவர் படம்பிடித்து யூடியூபில் போட்டுவிட்டால் நிலைமை வேறு. இடைப்பட்ட நிலைகள்தான் சங்கடம்: நண்பர்களுக்கு மட்டும் தெரிகிற பதிவு, இருநூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழு, சங்கத்தின் ஆண்டு மலர், அலுவலகத் தொழிற்சங்கச் சிற்றிதழ். இவற்றுக்கு ஒரே விடை கிடையாது. விதிகளில் இல்லையென்றால் அமைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பதிலைப் பத்திரப்படுத்தி வைப்பதுதான் வழி. கேட்டதற்காக எந்தக் கதையையும் யாரும் தள்ளுவதில்லை.

ஒரு சிறிய இலக்கிய அமைப்பின் போட்டியில் முதல் சுற்று வாசகனாக, அதாவது நடுவர்களுக்கு முன் கதைகளைப் படித்துச் சலிப்பவனாக, இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். இறுதிப் பட்டியலுக்கு வந்த கதைகளில் ஒன்று எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. நெசவுத் தறி இருந்த வீடு விற்கப்படும் நாளைப் பற்றிய கதை. தறிக்குழியை மண் போட்டு மூடும்போது அந்த வீட்டுப் பாட்டி மட்டும் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டு, மேலே வர மாட்டேன் என்பாள். எழுதியவர் முதுகலை படிக்கும் பெண். முடிவை அறிவிக்கும் முன் வழக்கம்போல ஒவ்வொரு கதையிலிருந்தும் இரண்டு வாக்கியங்களை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினோம். அவருடைய கல்லூரி ஆண்டு மலர் பிடிஎஃப் வடிவில் கல்லூரித் தளத்தில் இருந்தது. 43-ம் பக்கத்தில் அதே கதை. போனில் பேசினேன். “அண்ணா, காலேஜ் மலர்ல வந்ததெல்லாம் கணக்குல சேராதுன்னு நெனச்சேன். அதை யாருண்ணா படிப்பாங்க?” என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் விதியில் ‘கல்லூரி, பள்ளி மலர்கள் உட்பட’ என்று தெளிவாக இருந்தது. கதையை எடுக்க வேண்டி வந்தது. அந்தப் பாட்டியை இன்னும் மறக்க முடியவில்லை.

இந்தச் சோதனையைப் போட்டி நடத்துபவர்கள் சந்தேகத்தால் செய்வதில்லை. பரிசு அறிவித்த மறுநாள் யாராவது ஒருவர் பழைய சுட்டியைக் கொண்டுவந்து போட்டால், எழுதியவர்தான் எல்லோர் முன்னாலும் அவமானப்படுவார். பதிவை நீக்கிவிட்டு அனுப்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். நீக்கினாலும் அது வெளிவந்த கதைதான். தேடுபொறியின் நகலிலும் யாரோ எடுத்த திரைப்பிடிப்பிலும் அது தங்கிவிடும். கொஞ்சம் மாற்றி, தலைப்பை மாற்றி அனுப்புவதும் அப்படியே. கதையைத் திரும்ப எழுதி, பாதிக்கு மேல் வேறாகிப் போனால்? அப்போதும் அதை அமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நல்லது. தமிழில் வந்த கதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ‘ஆங்கிலத்தில் இது வெளிவரவில்லை’ என்று அனுப்புவோர் உண்டு. விதி வெளிப்படையாக அதை அனுமதித்தால் ஒழிய, என் கணக்கில் அது வெளிவந்த கதை. சொற்கள் மாறியிருக்கின்றன, கதை மாறவில்லை.

இன்னொரு விநோத வகையையும் சொல்ல வேண்டும். அமேசான் கிண்டிலில் நடந்த ‘பென் டு பப்ளிஷ்’ போட்டி 2018 முதல் தமிழையும் சேர்த்துக்கொண்டது. அதில் எழுதியவரே தன் படைப்பைக் கிண்டிலில் மின்னூலாக வெளியிடுவதுதான் நுழைவு. அதுவரை வெளிவராத படைப்பாக இருக்க வேண்டும், ஆனால் போட்டிக்குள் நுழைந்த கணமே அது வெளிவந்த படைப்பாகிவிடும். வாசகர் வரவேற்பும் தேர்வில் ஒரு பங்கு வகித்ததால், தெரிந்தவர்களிடமெல்லாம் ‘படித்து ரிவ்யூ போடுங்கள்’ என்று கேட்கும் காலமாக அது இருந்தது. பதிப்பகம் தேடி அலையாமல் நேரடியாக வாசகரிடம் போக முடிந்தது என்பது மிகப் பெரிய விஷயம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் வெல்லாத படைப்புக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டி யோசித்தவர்கள் குறைவு. கிண்டில் செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூல் வேறெங்கும் டிஜிட்டல் வடிவில் இருக்கக் கூடாது. 90 நாள் கழிந்து எடுத்துவிட்டாலும், வெளிவராத படைப்பைக் கேட்கும் வேறு போட்டிக்கு அது தகுதி இழந்ததுதான். தபாலில் அனுப்பி நிராகரிக்கப்பட்ட கதைக்கு அந்த நஷ்டம் கிடையாது.

ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பலாமா என்ற கேள்வி இதோடு ஒட்டியது. தமிழ் இதழ்களின் வழக்கம் ‘கூடாது’ என்பதே. ஆசிரியர் குழுவில் நாலு பேர் உட்கார்ந்து படித்து, ஓவியருக்கு அனுப்பி, பக்கம் ஒதுக்கிய பிறகு அதே கதை இன்னொரு இதழில் வந்துவிட்டால் அவர்கள் படும் பாடு பெரியது. அதற்குப் பிறகு அந்த எழுத்தாளரின் உறையைப் பிரிக்கவே தயங்குவார்கள். ஆங்கிலப் போட்டிகள் பலவற்றில் ஒரே நேரத்தில் பல இடங்களுக்கு அனுப்பலாம், எங்காவது தேர்வானால் உடனே தெரிவித்தால் போதும். இரண்டு வழக்கத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் தமிழ்ப் போட்டிகளை நடத்துவோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கதையை வேறெங்கும் அனுப்பாதே என்று கட்டிப்போட்டால், எந்தத் தேதிக்குள் முடிவு சொல்வோம் என்றும் எழுதுங்கள். ‘முடிவுகள் பின்னர் அறிவிக்கப்படும்’ என்ற வரியை நம்பி ஒரு வருஷம் கதையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் உண்டு.

தமிழிலேயே எழுதி உலக அளவில் அனுப்பக்கூடிய இடங்கள் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. லண்டனிலிருந்து காமன்வெல்த் அறக்கட்டளை நடத்தும் காமன்வெல்த் சிறுகதைப் பரிசு அவற்றில் முக்கியமானது. காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள், 18 வயது நிரம்பியவர்கள், 2,000 முதல் 5,000 சொற்களுக்குள் வெளிவராத சிறுகதை ஒன்றை அனுப்பலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆப்பிரிக்கா, ஆசியா, கனடா-ஐரோப்பா, கரீபியன், பசிபிக் என ஐந்து பிராந்தியங்களுக்கும் தலா ஒரு வெற்றியாளர். அவருக்கு 2,500 பவுண்ட், ஐவரில் ஒட்டுமொத்த வெற்றியாளருக்கு 5,000 பவுண்ட். பிராந்திய வெற்றிக் கதைகள் ‘கிராண்டா’ இதழின் இணையப் பக்கங்களில் வந்திருக்கின்றன. ஆங்கிலத்தோடு வங்காளம், மலாய், கிரேக்கம், சுவாஹிலி முதலிய மொழிகளிலும் கதைகளை ஏற்றிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. தமிழ்க் கதையைத் தமிழ் தெரிந்தவர் முதலில் படிக்கிறார். மேலே தேர்வாகிப் போகிற கதை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்பட்டு நடுவர்களிடம் போகிறது.

மொழிபெயர்ப்பில் போனால் கதை அடிபட்டுவிடாதா என்ற தயக்கம் நியாயமானதே. 2019-ன் ஒட்டுமொத்த வெற்றியாளரைப் பாருங்கள். சைப்ரஸைச் சேர்ந்த கான்ஸ்டன்டியா சோட்டிரியு கிரேக்கத்தில் எழுதிய கதை அது. லினா ப்ரோட்டோபாபா அதை ஆங்கிலமாக்கினார். அதே ஆண்டு ஆசியப் பிராந்தியத்தின் வெற்றியாளர் மலேசியாவின் சரஸ் மாணிக்கம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அவருடைய கதையின் தலைப்பிலேயே பட்டு என்ற அம்மா இருக்கிறாள். 2021-ல் இலங்கையின் கன்யா டி அல்மெய்டா ஒட்டுமொத்தப் பரிசைப் பெற்றார். நம் வீட்டுக்குள்ளும் பக்கத்து வீட்டிலும் இருக்கிற மனிதர்களைப் பற்றிய கதைகளுக்கு அங்கே இடம் உண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. போட்டி கடுமை என்பதையும் மறைக்கக் கூடாது: 2024-ல் 7,359 கதைகள் வந்தன.

சிங்கப்பூரில் வசிக்கும் தமிழர்களுக்குத் தங்கமுனை விருது இருக்கிறது. தேசியக் கலைகள் மன்றம் 1993-ல் தொடங்கி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடத்திவந்த போட்டி இது. வெளிவராத சிறுகதைக்கும் கவிதைக்கும் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நான்கு அதிகாரபூர்வ மொழிகளிலும் தனித்தனிப் பரிசு. ஓர் அரசு அமைப்பு தமிழில் எழுதத் தொடங்குபவரின் கையெழுத்துப் பிரதியை மற்ற மூன்று மொழிகளுக்குச் சமமாக வைத்துப் படிக்கிறது. அங்கே இன்று அறியப்பட்ட தமிழ் எழுத்தாளர்களில் பலர் அந்த வழியாக வந்தவர்கள். தமிழ்நாட்டில், இவ்வளவு பெரிய வாசகப் பரப்பு இருந்தும், வெளிவராத படைப்புக்கென்றே அப்படி நிலையாக நடக்கும் ஒரு பொதுப் போட்டி வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

பரிசுத் தொகையைவிடக் கவனமாகப் படிக்க வேண்டியது உரிமை பற்றிய வரி. ‘தேர்வான படைப்புகளை வெளியிடும் உரிமை எங்களுக்கு உண்டு’ என்பது நியாயமான வாசகம். பரிசு தருகிறவர் முதலில் வெளியிடட்டும். ‘அனுப்பப்படும் அனைத்துப் படைப்புகளின் முழு உரிமையும் அமைப்பையே சாரும்’ என்று இருந்தால் எச்சரிக்கை தேவை. அதன்படி பரிசு பெறாத கதையும், ஒரு பைசா வாங்காத கதையும் கையை விட்டுப் போகிறது. நாளை அது குறும்படமாகவோ ஓடிடி தொடராகவோ ஆகும்போது கேட்க நமக்கு இடம் இல்லாமல் போகலாம்.

பதிப்புரிமைச் சட்டம் இங்கே எழுத்தாளர் பக்கம் நிற்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. எழுதியவரே முதல் உரிமையாளர். பதிப்புரிமை பெறப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை. உரிமையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்கிறது 19-வது பிரிவு. எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் சொல்லப்படவில்லையென்றால் ஐந்து ஆண்டு என்றும், இடம் சொல்லப்படவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாதபட்சத்தில், அது காலாவதியாகிவிடும். 57-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. உரிமையை விற்றுவிட்ட பின்னும் ‘இதை எழுதியவன் நான்’ என்று சொல்லும் உரிமையும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் எழுதியவரிடமே இருக்கின்றன. சிக்கல் வந்தால் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும். ஆனால் இவ்வளவையும் தெரிந்துகொண்டு அனுப்புகிறவர், தெரியாமல் கையெழுத்துப் போடுகிறவரைவிடப் பாதுகாப்பாக இருப்பார்.

கட்டணம் கேட்கும் போட்டிகள் எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. வெளிநாட்டில் மதிப்புமிக்க பல போட்டிகள் கட்டணத்தில்தான் நடக்கின்றன, அந்தப் பணம் முதல் சுற்று வாசகர்களுக்கும் நடுவர்களுக்கும் கூலியாகிறது. தமிழில் இப்போது பெருகியிருப்பது வேறு வகை. நுழையும்போது கட்டணம் இல்லை. ‘வாழ்த்துகள், உங்கள் படைப்பு தேர்வாகியுள்ளது’ என்று எல்லோருக்கும் செய்தி வரும். தொகுப்பு நூலில் இடம்பெற இவ்வளவு, குறைந்தது இத்தனை பிரதி வாங்க வேண்டும், விழாவில் பொன்னாடையும் சான்றிதழும். விளம்பரத்தில் ‘ஐஎஸ்பிஎன் எண்ணுடன்’ என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். ஐஎஸ்பிஎன் எண்ணை இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமில்லாமல் தருகிறது. அது நூலுக்கு ஓர் அடையாள எண், அவ்வளவே. அதற்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட தொகுப்பில், யாரும் செப்பம் செய்யாமல், பிழை திருத்தாமல் வெளியாகும் கதை முதல் வெளியீட்டை இழந்துவிடுகிறது. பணம் போனது பெரிதில்லை, கதை போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேர்மையான போட்டிகளில் உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதைகள் வந்ததும் பெயர் நீக்கப்பட்டு எண் கொடுக்கப்படும். முதல் சுற்று வாசகர்களுக்கு ஆளுக்கு நாற்பது, ஐம்பது கதை. ஒவ்வொன்றையும் இரண்டு பேராவது படிப்பது நல்ல முறை. நடுவர்கள் கையில் போவது கடைசி இருபதோ முப்பதோதான். ஆகவே பெயருக்காகப் பரிசு கொடுத்துவிடுகிறார்கள் என்ற சந்தேகத்துக்கு முதல் சுற்றில் இடமே இல்லை, அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது. வெளிவராத கதையாக இருந்தால்தான் இது நடக்கும். ஏற்கெனவே படித்த கதை என்றால் எண்ணுக்குப் பின்னால் ஆள் தெரிந்துவிடும். அதனால்தான் கதைக்குள் பெயர் வரக் கூடாது என்று அத்தனை கண்டிப்பு. முதல் பக்கத்தில் பெயரை எடுத்துவிட்டு, கோப்பின் பெயரில் ‘முத்துலட்சுமி_சிறுகதை’ என்று விட்டுவைப்பவர்கள் நிறைய. பக்க அடியில் கைபேசி எண்ணைப் போடுபவர்களும் உண்டு. சில போட்டிகளில் இதற்கே கதையைத் தள்ளிவிடுவார்கள்.

அச்சுக் காலத்தில் ‘தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதவும், நகல் எடுத்து வைத்துக்கொள்ளவும்’ என்று கேட்டார்கள். இன்று அந்த இடத்தில் எழுத்துரு வந்திருக்கிறது. பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும். எழுத்துரு மாற்றும் மென்பொருள் மூலம் யுனிகோடுக்குக் கொண்டுவந்தால் ஒற்றெழுத்தும் கொம்பும் இடம் மாறும். ‘பொ’ வர வேண்டிய இடத்தில் கொம்பு தனியாக நிற்கும். படிப்பவர் முதல் பத்தியிலேயே களைத்துப் போவார். யுனிகோடில் அடித்து, இன்னொருவரின் கைபேசியில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அனுப்பினால் போதும். சொல் எண்ணிக்கையை வேர்ட் காட்டுவதைக் கொண்டே பாருங்கள். தமிழில் நாம் சேர்த்து எழுதுவதை ஒரே சொல்லாகத்தான் அது எண்ணும், அந்த வகையில் நமக்குக் கொஞ்சம் தாராளமாகவே இடம் கிடைக்கிறது. அண்மைக் காலத்தில் உறுதிமொழியில் ‘செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டதல்ல’ என்ற வாசகமும் சேர்ந்திருக்கிறது. அதையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.

கதையைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லலாம். குவியலில் அடுத்தடுத்துப் படிக்கும்போது, போட்டிக்கென்று எழுதிய கதைகள் தனியாகத் தெரியும். நடுவருக்குப் பிடிக்கும் என்று நினைத்து எடுத்துக்கொண்ட கருப்பொருள், முதியோர் இல்லத்து அம்மா, கடைசிப் பத்தியில் ஓர் அதிர்ச்சி. அவை மோசமான கதைகள் அல்ல, ஒரே மாதிரியான கதைகள். அந்தத் தறிக்குழிக் கதையை எங்கள் எல்லோர் மனதிலும் நிறுத்தியது, குழிக்குள் இறங்கினால் மண்ணின் ஈரம் காலில் எப்படி ஏறும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருந்ததுதான்.

முடிவு வந்து, பட்டியலில் பெயர் இல்லையென்றால் பலர் அன்று இரவே கதையை ஃபேஸ்புக்கில் போட்டுவிடுகிறார்கள். ‘போட்டியில் தேர்வாகாத என் கதை, நீங்களே சொல்லுங்கள்’ என்று ஒரு குறிப்போடு. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கதை அப்போதும் வெளிவராத கதை. ஏழெட்டு மாதம் முன்பு அதற்கு எந்தெந்தக் கதவுகள் திறந்திருந்தனவோ அத்தனையும் இன்னும் திறந்தே இருக்கின்றன. அனுப்பிய தேதி, போட்டியின் பெயர், முடிவு வந்த நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டு, கதையை ஒரு மாதம் கழித்து எடுத்துப் படித்துப் பாருங்கள். முதல் ஒன்றரைப் பக்கத்தை வெட்ட வேண்டும் என்று பெரும்பாலும் தோன்றும். வெட்டிவிட்டு ஒரு சிற்றிதழுக்கோ இணைய இதழுக்கோ அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அடுத்த போட்டியின் கடைசித் தேதியைப் பாருங்கள். காமன்வெல்த் பரிசுக்கு வழக்கமாக நவம்பர் 1-ஐ ஒட்டித்தான் வாசல் மூடுகிறது.